ஜப்பானிய வீட்டில் மூன்று வாரம், இன்னும் விருந்தாளிதான். என்ன செய்யலாம்?

ஓராண்டுப் பரிமாற்றப் படிப்புக்காக ஜப்பான் போய், ஹிரோஷிமா பக்கம் ஒரு குடும்பத்தோடு தங்கியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். போய் மூன்று வாரம். வீட்டு அம்மா எப்போதும் சிரித்த முகம், அப்பா அதிகம் பேசாதவர், பள்ளிக்குப் போகிற பையன் ஒருவன். சண்டை இல்லை, குறை இல்லை. ஆனாலும் இன்னும் விருந்தாளி மாதிரியே நடத்துகிறார்கள். ஏதாவது தப்பு செய்துவிட்டேனா, சைவம் என்று சொன்னது பிடிக்கவில்லையா, ஒரு நாள் சாம்பார் வைத்துக் கொடுத்தால் சரியாகுமா என்று கேட்கிறீர்கள். கேள்வி மூன்றாக இருந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான் என்று படுகிறது: வாய் திறந்து சொல்லாதவர்களின் மனதை எப்படித் தெரிந்துகொள்வது?

நான் 2008இல் ஒகயாமாவில் ஒரு வயதான தம்பதி வீட்டில் பத்து மாதம் இருந்தேன். திரும்பி வந்த பிறகு சென்னையில் ஜப்பானிய மொழி சொல்லித்தருகிறேன். அங்கே போய்க் குடும்பங்களோடு தங்கப்போகிற பிள்ளைகளுக்குக் கிளம்புமுன் இரண்டு நாள் வகுப்பு எடுப்பதும், போன பிறகு மாலை ஆறரை மணிக்கு, அதாவது அங்கே இரவு பத்துக்கு, வருகிற அழுகைப் போன்களை எடுப்பதும் வேலையோடு வேலை. ஆகவே நான் சொல்வது பெரும்பாலும் மேற்கு ஜப்பானில் தனி வீடுகளில் கண்டதும் கேட்டதும். ஹொக்கைடோ வீடு வேறு மாதிரி, தோக்கியோ அடுக்குமாடி வேறு மாதிரி. உங்கள் வீட்டு அம்மாவை நான் பார்த்ததுமில்லை. நிச்சயமாகத் தெரிந்ததை நிச்சயமாகச் சொல்கிறேன், ஊகத்தை ஊகம் என்று சொல்லியே சொல்கிறேன்.

முதலில் நிச்சயமானது. மூன்றாம் வாரத்தில் விருந்தாளியாக இருப்பது தண்டனை இல்லை. கிளம்புமுன் உங்களுக்கும் யாராவது பலகையில் அந்த 'யு' வடிவக் கோட்டைப் போட்டுக் காட்டியிருப்பார்கள்: முதலில் எல்லாம் இனிக்கும், பிறகு கசக்கும், பிறகு தேறிவிடும். 1955இல் லிஸ்கார்ட் என்ற நார்வே சமூகவியலாளர், அமெரிக்கா போய்த் திரும்பிய 200 நார்வேக்காரர்களைப் பேட்டி கண்டு எழுதியதிலிருந்து வந்த கோடு அது. எல்லாரும் திரும்பி வந்த பிறகு நினைவிலிருந்து சொன்னது. 1998இல் காலின் வார்டும் அவரோடு சேர்ந்தவர்களும் நியூசிலாந்துக்குப் படிக்கப் போன ஜப்பானிய மாணவர்களை, இறங்கிய நாளிலிருந்து ஓராண்டு தொடர்ந்து பார்த்தார்கள். அவர்களுக்கு இறங்கிய நாட்கள்தான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தன. சின்னக் குழுதான், அதை வைத்து எல்லாருக்கும் விதி எழுத முடியாது. ஆனாலும் அந்தக் கோட்டைப் பலகையில் போடுவதை நான் விட்டுவிட்டேன். இனிக்க வேண்டிய மாதத்தில் நமக்கு மட்டும் ஏன் இனிக்கவில்லை என்று பிள்ளைகள் தங்களையே குடைந்துகொள்கிறார்கள். நீங்களும் அதைத்தான் செய்கிறீர்கள் என்று தோன்றுகிறது.

இனி வீட்டுக்குள் வருவோம். ஜப்பானிய மொழியில் 'உச்சி' என்றால் வீடு, உள்ளே, நம்மவர் எல்லாம்தான். 'சொத்தோ' என்றால் வெளி. வெளியாள் உள்ளாளாவதற்குப் பெரிய சடங்கு எதுவும் கிடையாது, வாசலில் சொல்கிற நாலு வார்த்தை உண்டு. கிளம்பும்போது 'இத்தேகிமஸ்', வீட்டிலிருப்பவர் 'இத்தேராஷ்ஷாய்'. திரும்பும்போது 'ததாய்மா', வீட்டிலிருப்பவர் 'ஒகாயெரி'. முதல் வார்த்தையைப் பிரித்துப் பாருங்கள்: இத்தே என்றால் போய், கிமஸ் என்றால் வருகிறேன். போய்ட்டு வரேன்! வெறுமனே 'போறேன்' என்றால் 'போய்ட்டு வரேன்னு சொல்லு' என்று அதட்டுகிற அம்மாவிடம் வளர்ந்த நமக்கு இதை யாரும் கற்றுத்தர வேண்டியதே இல்லை. ஆனால் நம் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? தொந்தரவு செய்யக்கூடாதாம், பூனை மாதிரி கதவைத் திறந்து, செருப்பைக் கழற்றி, சத்தமில்லாமல் மாடி ஏறிவிடுகிறார்கள். அடுக்களையில் நிற்கும் அம்மாவுக்கு அது அடக்கமாகத் தெரியாது, ஒளிந்துபோவதாகத் தெரியும். பக்கத்தில் ஆள் இல்லாவிட்டாலும் வாசலிலிருந்து உரக்கச் சொல்லுங்கள். இந்தப் பதிலில் ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

நன்றியும் அப்படித்தான். 'நமக்குள்ள என்ன நன்றி' என்று வளர்ந்தவர்கள் நாம். பெற்ற தாய் தோசை வார்த்துப் போட்டதும் நன்றி சொன்னால் 'என்னடா, உடம்புக்கு என்ன?' என்பாள். அங்கே கணவன் மனைவிக்குச் சொல்கிறான், பிள்ளை தாய்க்குச் சொல்கிறது. சாப்பிடுமுன் 'இததகிமஸ்', முடித்ததும் 'கோச்சிசோசமா'. வெளியே எங்காவது கூட்டிப்போனால் அன்றைக்கு ஒரு தடவை நன்றி, அடுத்த நாள் காலையில் 'நேற்றைக்கு நன்றி' என்று மறுபடியும் ஒரு தடவை. அந்த இரண்டாவது தடவை நம்மவர்களுக்குத் தெரிவதில்லை. சொல்லாவிட்டால் யாரும் கோபப்பட மாட்டார்கள், போன இடம் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள்.

அடுத்தது குளியல். இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். தொட்டி ஊறுவதற்கு. அழுக்குப் போகத் தேய்ப்பதெல்லாம் வெளியே சின்ன முக்காலியில் உட்கார்ந்து. சோப்பு, ஷாம்பு நுரை போகக் கழுவிய பிறகுதான் தொட்டியில் கால் வைக்க வேண்டும். 40, 42 டிகிரி வெந்நீர். அதே தண்ணீரில்தான் வீடு முழுக்க ஒருவர் பின் ஒருவராக இறங்குவார்கள், ஆகவே அடைப்பானைப் பிடுங்காமல், சூடு ஆறாமல் மூடியைப் போட்டுவிட்டு வர வேண்டும். மிஞ்சிய தண்ணீரைக் குழாய் போட்டு வாஷிங் மெஷினுக்கு இழுக்கிற வீடுகளும் உண்டு. இது எந்தக் கையேட்டிலும் இருக்கும். கையேட்டில் இல்லாதது நம் பழக்கம். நமக்குக் குளியல் என்றால் காலை. குளிக்காமல் அடுப்படிக்குள் காலெடுத்து வைக்காத வீடுகளிலிருந்து வருகிறோம். அவர்களுக்கு வெளியே சுற்றிவிட்டு வந்த உடம்போடு இரவில் படுக்கையில் விழுவதுதான் அசிங்கம். நம் பிள்ளை இரவு அப்படியே படுத்து, காலை ஆறு மணிக்கு எழுந்து இருபது நிமிடம் ஷவரில் நின்றால் அவர்கள் கணக்கு இப்படிப் போகும்: ராத்திரி அழுக்கோடு படுத்தாயிற்று. அவரவர் வேலைக்கும் பள்ளிக்கும் கிளம்புகிற நேரத்தில், குளியலறை வாசலிலேயே இருக்கிற முகம் கழுவும் தொட்டியையும் யாரும் அண்ட முடியாமல் அடைத்தாயிற்று. கேஸும் தண்ணீரும் இரண்டு பங்கு. ஆகவே இரவே குளியுங்கள். காலையிலும் குளித்தால்தான் மனசு ஆறும் என்றால் கேட்டுவிட்டு ஐந்து நிமிடத்தில் முடித்துக்கொள்ளுங்கள்.

எண்ணெய் விஷயம் என் சொந்தக் கதை. தினமும் தலைக்குத் தேங்காயெண்ணெய் வைத்துக்கொள்வேன். போன இரண்டாம் வாரமே வீட்டு அம்மா என் தலையணைமேல் ஒரு வெள்ளைத் துண்டை விரித்து வைத்தார். தினமும் மாற்றுவார். அடடா, என்ன மரியாதை என்று ஊருக்குக் கடிதமே எழுதினேன். குளிர்காலத்தில் எண்ணெய் புட்டிக்குள் கல்லாக உறைந்துவிடும். அடியில் ஹீட்டர் மாட்டி மேலே மெத்தைப் போர்வை போட்ட கோதத்சு மேசைக்குள் புட்டியைத் தள்ளி உருக்கி எடுப்பேன். மார்ச் வாக்கில் எண்ணெய் தீர்ந்துபோனது. எண்ணெய் வைக்காமல் ஒரு வாரம் போயிருக்கும், ஒரு நாள் துண்டைக் காணோம். அப்புறம்தான் தலையணை உறையைத் தூக்கிப் பார்த்தேன். நடுவில் ஒரு பழுப்பு வட்டம், எத்தனை தடவை துவைத்தும் போகாதது. அவர் மாதக்கணக்காகத் துண்டு மாற்றியிருக்கிறார், ஒரு வார்த்தை சொல்லவில்லை. நீங்கள் கேட்கிற 'மனதில் என்ன இருக்கிறது' என்பதற்கு எனக்குக் கிடைத்த முதல் பாடம் அந்தத் துண்டு. வீட்டில் புதிதாக எது முளைக்கிறது, எது இடம் மாறுகிறது என்று பாருங்கள். உங்கள் செருப்பு திரும்பி வாசலைப் பார்த்து வைக்கப்பட்டிருக்கிறதா? கழிப்பறைக்குள் மட்டும் போடுகிற செருப்பை நீங்கள் மறந்து வெளியே விட்டிருந்தால் அது மறுபடி உள்ளே போயிருக்கிறதா? குப்பைக்கூடைமேல் படம் ஒட்டியிருக்கிறதா? அதெல்லாம் பேச்சுத்தான்.

சாப்பாட்டு நேரத்தில் நடக்கிற தவறு இன்னொரு ரகம். அங்கே அரிசியை 'கோ' கணக்கில் அளப்பார்கள். ஒரு கோ 180 மில்லி, நம் ஆழாக்கைவிடக் கொஞ்சம் கூட. இன்று ராத்திரிக்கு எத்தனை கோ என்பது சாயங்காலம் நாலரை ஐந்துக்கே முடிவாகி அரிசி ஊறத் தொடங்கிவிடும். ஆகவே காலையில் 'இன்றைக்குச் சாப்பாடு?' என்று அவர் கேட்பது உபசாரத்துக்காக இல்லை, அளவு தெரிந்துகொள்ளத்தான். உலை வைத்த பிறகு 'வெளியே சாப்பிடறேன்' என்று செய்தி போட்டால் நம் வீட்டில் என்ன ஆகும்? அங்கே திட்டு மட்டும் விழாது. கோயம்புத்தூர்ப் பையன் ஒருவன், நண்பர்களோடு வெளியே சாப்பிட்டுவிட்டு ஒன்பது மணிக்கு வருவான். மேசையில் இவன் தட்டு பிளாஸ்டிக் தாள் போட்டு மூடியிருக்கும். சொல்லக் கூச்சப்பட்டு அதையும் சாப்பிடுவான். பையனுக்குப் பசி அதிகம் போலிருக்கிறது என்று அந்த அம்மா அளவைக் கூட்டிக்கொண்டே போனார். ஒரு மாதம் இப்படியே ஓடியது. ஆறு கிலோ ஏறிய பிறகு எனக்குப் போன் செய்தான். 'வேண்டாம்' என்பதை நாலு மணிக்கு முன்னால் சொன்னால் மரியாதை, ஏழு மணிக்குச் சொன்னால் அவமரியாதை. அவ்வளவுதான்.

கேட்கிற விதத்திலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 'பரவாயில்லையா?' என்று கேட்டால் 'பரவாயில்லை' என்ற ஒரே பதில்தான் வரும், நூற்றுக்கு நூறு. நாமும் அப்படித்தானே சொல்வோம். 'சொத்தோ...' என்று இழுத்து வாக்கியத்தை முடிக்காமல் விட்டால் அது மறுப்பு. (மேலே சொன்ன 'வெளி' வேறு, இது 'கொஞ்சம்' என்ற சொல். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்று போலத் தெரிகிறது, காதில் வேறு வேறாக விழும்.) நம் 'பாக்கலாம்' எத்தனை தடவை 'முடியாது' என்று அர்த்தமாகியிருக்கிறது, அதே ஜாதி. ஆகவே இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிற மாதிரிக் கேளுங்கள். குளிக்க எட்டு மணி வசதியா, ஒன்பதரை வசதியா? துணியை உங்கள் துணியோடு போடட்டுமா, சனிக்கிழமை தனியாகப் போட்டுக்கொள்ளட்டுமா? இப்படிக் கேட்டால் அவர் உங்களுக்கு மறுப்புச் சொல்ல வேண்டிய சங்கடம் இல்லை, ஒன்றைக் காட்டினால் போதும்.

விருந்தாளிப் பட்டம் கழல்வதற்கு நான் கண்ட ஒரே வழி, வீட்டில் ஒரு வேலையை உங்களுடையதாக ஆக்கிக்கொள்வது. 'ஏதாவது உதவட்டுமா' என்று அடுக்களை வாசலில் நின்றால் 'உட்காருங்கள், உட்காருங்கள்' என்பார். நம்மூர் வழக்கப்படி மூன்றாவது தடவை கரண்டியைப் பிடுங்கிக்கொள்ளவும் கூடாது. அடுக்களை அவர் ராஜ்யம். குளியல் தொட்டி தேய்க்கிற வேலையைக் கேளுங்கள். பல வீடுகளில் அது பிள்ளைகளின் வேலை. 'தினமும் தொட்டியை நான் கழுவுகிறேன்' என்று நீங்கள் சொல்லும்போது வீட்டுப் பிள்ளையின் இடத்தைக் கேட்கிறீர்கள் என்பது அவருக்குப் புரியும். உங்கள் வீட்டில் பையன் இருப்பதால் அது அவன் வேலையாகவே இருக்கலாம். அப்படியானால் இன்னும் நல்லது, ஒருநாள் விட்டு ஒருநாள் பிரித்துக்கொள்ளுங்கள். அவனிடம் பேச்சுக் கொடுக்கவும் ஒரு சாக்கு. இது எல்லா வீட்டிலும் பலிக்கும் என்று சத்தியம் செய்ய மாட்டேன். சொல்லிக் கொடுத்த பிள்ளைகளில் பலருக்குப் பலித்தது. இரண்டு வீடுகளில் கடைசிவரை உட்கார வைத்தேதான் அனுப்பினார்கள். அதுவும் அன்புதான், வேறு வகை.

சைவ விஷயத்துக்கு வருகிறேன். அவருக்குப் பிடிக்கவில்லையா என்றால், என் ஊகம், பயப்படுகிறார். 'வெஜிடேரியன்' என்ற சொல் அங்கே 'இறைச்சி வேண்டாம்' என்ற அளவில்தான் போய்ச் சேரும். மீன் அந்தக் கணக்கில் வராது. உங்களுக்குத் தினமும் வைக்கிற மிசோ சூப்பின் அடியில் இருப்பது தாஷி என்ற சாறு. பெரும்பாலும் காயவைத்துச் சீவிய கத்சுவோ மீனிலோ நெத்திலி மாதிரிச் சின்ன மீன்களிலோ எடுத்தது. நூடுல்ஸ் குழம்பில், வேகவைத்த காய்களில், நாத்தோ என்ற புளித்த சோயாவோடு வருகிற சின்னப் பொட்டலத்தில்கூட அது இருக்கும். கடையில் விற்கிற ஜப்பானியக் கறிக் கட்டிகள் பலவற்றில் மாட்டுக் கொழுப்போ பன்றிக் கொழுப்போ உண்டு. காய் மட்டும் போட்டு அவர் ஆசையாகச் செய்த கறியிலும்தான். ஆகவே எது வரைக்கும் என்று முதலில் நீங்கள் முடிவு செய்யுங்கள். கண்ணுக்குத் தெரிகிற மீன் மட்டும் வேண்டாமா, சாறும் வேண்டாமா? நான் சாற்றைக் கண்டுகொள்ளாமல் விட்டேன். என் பாட்டி உயிரோடு இருந்திருந்தால் வீட்டுக்குள் சேர்த்திருக்க மாட்டாள். உங்களையும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. சாறும் வேண்டாம் என்றால் 'ஷோஜின் ர்யோரி' என்று சொல்லிப் பாருங்கள். பௌத்தக் கோயில் சமையல். வீட்டுப் பெரியவர்களுக்குச் சட்டென்று புரியும். கொம்பு என்ற கடற்பாசியிலும் காய்ந்த ஷீதாகே காளானிலும் தாஷி எடுக்க அவருக்கே தெரியும். பால், முட்டை ஆகுமா என்பதைத் தனியாகச் சொல்லுங்கள். முக்கியமானது, ஆகாததின் பட்டியலோடு நிறுத்தாமல் பிடித்ததின் பட்டியலையும் கொடுங்கள்: மேலே மீன் சீவல் தூவாத டோஃபு, மாவில் தோய்த்துப் பொரித்து உப்புத் தொட்டுக்கொள்கிற காய்கறி தெம்புரா, கொம்பு வைத்த சோற்று உருண்டை, ஊறுகாய் மாதிரி உப்பில் ஊறிய பழமான உமெபோஷி. இன்றைக்கு என்ன செய்வது என்ற கவலை பாதி குறையும், சிரிப்பிலும் கொஞ்சம் இறுக்கம் தளரும்.

ஒன்றை மட்டும் வேறு குரலில் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் 'அவர்கள் கலாசாரம்' என்று விழுங்கக்கூடாது. பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வது, கேட்காமல் அறைக்குள் வருவது, உடம்பில் கை படுவது, வயிறு நிறையச் சோறு போடாதது, இதெல்லாம் எந்த ஊர் கலாசாரமும் இல்லை. உங்கள் திட்டத்தின் ஒருங்கிணைப்பாளரிடம் அன்றைக்கே சொல்லுங்கள். அவர் இழுத்தடித்தால் கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகம் இருக்கிறது. அவசரம் என்றால் போலீஸ் 110, ஆம்புலன்ஸ் 119. வீடு மாறுவதும் அவமானம் இல்லை, நல்லவர்கள் இருந்தும் ஒத்துப்போகாத வீடுகள் உண்டு. நீங்கள் எழுதியதில் இப்படி எதுவும் இல்லை. இருந்தாலும் இதை வாசிக்கிற வேறு யாருக்காவது வேண்டியிருக்கலாம்.

கடைசியாகச் சாம்பார். தாராளமாக வைத்துக் கொடுங்கள், ஆனால் முதல் தடவை சாம்பார் வேண்டாம். துவரம்பருப்பு பக்கத்துக் கடையில் கிடைக்காது. ஊரிலிருந்து அலுமினியக் குக்கர் கொண்டுபோயிருந்தால், அவர்கள் வீட்டில் இண்டக்ஷன் அடுப்பு என்றால் அது பெரும்பாலும் சூடே ஆகாது, அடி தட்டையான, காந்தம் ஒட்டுகிற எவர்சில்வராக இருக்க வேண்டும். மிக்ஸி நம் 230 வோல்ட்டுக்குச் செய்தது, அங்கே வருவது 100 வோல்ட், முனகுமே தவிர அரைக்காது. தயிர்சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் செய்யுங்கள். அவர்கள் அரிசி ஒட்டிக்கொள்ளும், தயிர்சாதத்துக்கு அதைவிடப் பொருத்தமான அரிசி உலகத்தில் இல்லை. தயிரை அவர்கள் இனிப்போடுதான் சாப்பிட்டுப் பழகியிருப்பார்கள், சோற்றில் பிசைவதைப் பார்த்து முதலில் முழிப்பார்கள். ஒரு ஸ்பூன் ருசி பார்க்கக் கொடுங்கள், வற்புறுத்த வேண்டாம். மிளகாயை நீங்கள் நினைப்பதில் கால் பங்கு போடுங்கள். பெருங்காய டப்பாவை இரண்டு பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து உங்கள் அறையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு மதியமாகப் பார்த்து, முன்கூட்டியே கேட்டு, புகைபோக்கி விசிறியைப் போட்டுவிட்டுத் தாளியுங்கள். கடுகு போடுமுன் பையனைக் கூப்பிட்டு மூடியை அவன் கையில் கொடுத்துவிடுங்கள். வெடிக்கும், பயப்படாதே என்று சொல்லிவிட்டுப் போடுங்கள்.